கடலில்லாச் சீமையும் சட்டமறுப்பும்

சேலம் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. சேர்வராயன் மலைமீது ஏறி நின்று எந்தத் திசையில் நோக்கினாலும் அலையொன்றும் கண்ணிற் படாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளியில் கிணற்றுப் பாசனம் உண்டு. பருத்தியும் நிலக்கடலையும் சோளமும் உண்டு. வீதிக்கு வீதி தறி உண்டு. உப்பளம் மட்டும் இல்லை. ஆயினும், 1930-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் உப்புச் சட்டத்தை மீறப் புறப்பட்ட படையின் தலைவர் இந்தச் சமவெளியிலிருந்து சென்றவர். அப்படை வழிநெடுகப் பாடிச் சென்ற நடைப்பாட்டும் இந்தச் சமவெளியிலிருந்தே சென்றது.

உப்பு விளையாத சீமைக்கு உப்பு வரியில் என்ன அக்கறை என்று கேட்கலாம். உப்பு விளையாத சீமையில்தான் உப்பை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே அதற்கு விடை. 82 ராத்தல் கொண்ட மணங்கு ஒன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வீதம் அந்நாளில் சர்க்கார் வசூலித்த வரி, திருச்செங்கோட்டுப் புஞ்சைக் குடியானவனின் கஞ்சிக் கலயத்திலும் இருந்தது. ஜமீன்தாரின் விருந்து இலையிலும் இருந்தது. இருவருக்கும் வரி ஒன்றே, வருமானந்தான் வேறு. இந்த அநீதியை விளக்கப் பிரசங்கி எவரும் வேண்டியிருக்கவில்லை. கஞ்சி குடிக்கும் எவனுக்கும் அது தானே விளங்கிற்று.

அந்நாட்களை நாம் இப்போது நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. சாலையில் நாற்காலியைப் போட்டு வண்டிகளை மறித்தால் அது சத்தியாக்கிரகம். பஸ் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடி ஒளிந்தால் அதுவும் சத்தியாக்கிரகம் என்று கருதுவோர் ஒருபுறம் இருக்கின்றனர். பத்துப் பேர் கூடி மனுக் கொடுக்க நடந்தாலே அமைதிக்குப் பங்கம் வந்துவிட்டதென்று தடையுத்தரவு போடுவோர் மறுபுறம் இருக்கின்றனர். சட்டமறுப்பு என்பது யாது, அதற்கு எங்கிருந்து வலிமை வந்தது, எவ்விடத்தில் அது வலிமை இழந்தது என்பவற்றையெல்லாம் அறிய நேயர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்த ஒரு ஜில்லாவின் சரித்திரமே போதும்.

முதலில் சட்டத்தை மீறாமலே சர்க்காரை வென்ற ஒருவரைச் சொல்ல வேண்டும். 1882-ஆம் வருஷத்தில் சேலம் பட்டணத்தில் மசூதி ஒன்றைக் குறித்துப் பெருங்கலகம் விளைந்தது. அக்கலகத்தைத் தூண்டிவிட்டதாக வக்கீலும் நகரசபை அங்கத்தினருமாகிய சி. விஜயராகவாச்சாரியார்மீது வழக்குத் தொடர்ந்து, பத்து வருஷத் தண்டனையும் விதித்துவிட்டார்கள். அவர் மேல் நீதிமன்றத்தில் வாதாடி, தாம் குற்றமற்றவர் என்று நிலைநாட்டி வெளிவந்தார். அத்துடன் ஓய்ந்தாரா? அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருந்த மற்றவர்களுக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டு அவர்களையும் விடுவித்தார். நகரசபையில் தமது ஸ்தானத்தைப் பறித்தது தவறென்று வழக்காடி, ஸ்தானத்தை மீட்டதோடு, இந்தியா மந்திரியிடமிருந்து 100 ரூபாய் நஷ்டஈடும் பெற்றார். நூறு ரூபாய் பெரிதல்ல. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் மந்திரி சேலத்து வக்கீல் ஒருவருக்குக் கையை நீட்டி எண்ணிக் கொடுக்க வேண்டி வந்ததே, அது பெரிது.

அப்பெரியார்தான் 1920-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் நாகபுரிக் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது அந்தக் காங்கிரஸில்தான். தலைமை வகித்தவருக்கோ அந்த முறையில் முழு நம்பிக்கை இல்லை. சட்டத்தைக் கொண்டே சர்க்காரை மடக்கியவர், சட்டத்தை விட்டு விலகுவதற்கு எளிதில் உடன்படுவாரா? அவருடைய தயக்கத்தைக் கோழைத்தனம் என்று அந்நாளில் சிலர் எண்ணியிருக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்கும்போது அதைத் தட்டாமலே வீதியில் இறங்குகிறவனைச் சத்தியாக்கிரகி என்று அழைப்பதற்கில்லை. ஆனால் கதவைத் திறப்பதும் மூடுவதும் எதிரியின் இஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கும்போது என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு விஜயராகவாச்சாரியாரிடம் விடையில்லை. விடை தேடியவர் அதே சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய இன்னொருவர்.

ராஜகோபாலாச்சாரியார் சேலத்தில் நல்ல வரும்படியுள்ள வக்கீல். நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1919-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்த புதிதில், அவருடைய விருந்தாளியாகத் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு ஒருநாள் விடியற்காலையில், அரைத் தூக்கத்தில், ஒரு யோசனை உதித்தது. ரௌலட் சட்டத்தைக் கண்டித்து நாடு முழுவதும் ஒருநாள் வேலையை நிறுத்தி உபவாசமிருந்து பிரார்த்திப்பது என்பதே அந்த யோசனை. அடிகள் அதை முதலில் சொன்னது ராஜாஜியிடந்தான். அவ்வாறே ஏப்ரல் 6-ஆம் தேதி தேசமெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிறகு ராஜாஜி தொழிலை உதறினார். 1921-ஆம் வருஷக் கடைசியில் சிறைப்பட்டு வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் கழித்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பே ‘சிறையில் தவம்’ என்று வழங்குகிறது.

இவர் சிறையில் இருக்கையிலேயே, 1922 பிப்ரவரியில், சௌரிசௌராவில் கூட்டத்தார் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தீ வைத்துக் காவலர்களைக் கொன்றனர். காந்தியடிகள் போரையே நிறுத்திவிட்டார். நாடெங்கும் ஏமாற்றம். எட்டு வருஷம் கழித்துத்தான் அடுத்த பெரும் போர் வந்தது. இடையிலுள்ள இந்த எட்டு வருஷத்தைச் சரித்திர ஆசிரியர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நமக்கோ அந்த எட்டு வருஷமே முக்கியமாகத் தோன்றுகிறது.

சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் வாழ்கிறவர்களுக்குப் பாவு ஓட்டுவதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, வீதியின் நீளத்துக்கு நூலை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அலகு செய்து, வெயில் ஏறுமுன் சுருட்ட வேண்டும். கஞ்சி ஏறாத பாவைத் தறியில் ஏற்றினால் இரண்டு முழம் நெய்வதற்குள் இழை அறும். சேலையைப் பார்ப்பவன் கண்ணுக்கு ஜரிகை தெரியும், கஞ்சி தெரியாது.

1925-ஆம் வருஷத்தில் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். அவ்வூர் ரத்தினசபாபதிக் கவுண்டர் அதற்கு நிலம் உதவினார். மழை பொய்த்துப்போன வறண்ட சீமை அது. வேலையின்றி வாடிய கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் நூற்றுக் கொணர்ந்த நூலை நிறுத்து எடுத்துக் கூலி கொடுப்பதே ஆசிரமத்தின் முதல் வேலை. கூலி அணாக்கணக்குத்தான். ஆனால் அந்த அணாக்களுக்காக ஊர் ஊராக இருந்து தலைச்சுமையோடு நடந்து வந்த பெண்களுக்குச் சுயராஜ்யம் என்பது வேறெந்த உருவத்திலும் வந்ததில்லை. தீண்டாமையை அகற்றுவதும் கள்ளை ஒழிப்பதும் ஆசிரமத்தின் மற்ற இரண்டு தொண்டுகள். எல்லா ஜாதியாரும் ஆசிரமத்தில் ஒன்றாக வாழ்ந்தனர். மதுவிலக்கைப் பரப்புவதற்கென்றே ‘விமோசனம்’ என்னும் மாதப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது; பிற்காலத்தில் கல்கி என்று தமிழுலகம் கொண்டாடிய ரா. கிருஷ்ணமூர்த்தி அதற்குத் துணையாக அங்கே வந்து உழைத்தார்.

இவற்றில் எதுவும் சட்ட விரோதமன்று. எந்தக் கலெக்டரும் நூல் நூற்பதற்குத் தடையுத்தரவு போட முடியாது. ஆனால் ஐந்து வருஷம் ஒரு சீமையின் ஏழை வீடுகளுக்குள் போய்வந்து பழகியவன் கூப்பிடுவதும், மேடையிலிருந்து ஒருவன் கூப்பிடுவதும் ஒன்றல்ல. கஞ்சி ஏறிய பாவு அது.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் இல்லத்திலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். வர விரும்பியவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளவில்லை. பொறுக்கி எடுத்த நூறு பேர். வேதாரணியம் 150 மைல். பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர் ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை புத்திசாலி. நடப்பவர்களைப் பிடித்தால் கூட்டம் பெருகும் என்று கண்டு, அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று உத்தரவிட்டார். பட்டினி போட்டால் படை தானே கலையும் என்பது அவர் கணக்கு.

கணக்குப் பொய்த்த விதந்தான் ரஸமானது. வழியிலிருந்த சாலை மரங்களின் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டினார்கள்? தெரியாது. ஆற்றங்கரையில் தங்கினால், இன்ன இடத்தில் புதைந்திருக்கிறது என்று ஒரு ஜாடை வரும்; தோண்டினால் அண்டாவில் சாதம். மரம் சோறு கொடுத்தால் மரத்தையா கைது செய்வது? வெளிப்படையாகவே இடங்கொடுத்துச் சிறை சென்றவர்களும் உண்டு. வேதாரணியத்தில் வைரப்பன் என்ற நாவிதர், பாதி க்ஷவரம் ஆகிக்கொண்டிருக்கையில் தம் முன்னே அமர்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று அறிந்து, கத்தியை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மாஜிஸ்திரேட்டு மீதிப் பாதியை முடிக்கும்படி சொன்னபோதும் மறுத்துச் சிறை போனார் என்று அவ்வூரார் இன்றும் சொல்லுகிறார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார், ஆறுமாதத் தண்டனை பெற்றார். அதற்குப் பின்னும் தொண்டர்கள் ஓயவில்லை. சர்க்கார்மீது ஜனங்களுக்கு ஒருகாலத்தில் விசுவாசம் இருந்திருந்தாலும் இப்போது அது செத்துவிட்டது என்ற கருத்தில் தார்ன் துரையே மேலிடத்துக்கு எழுதும்படி ஆயிற்று.

சட்டமறுப்பின் சூக்ஷ்மம் முழுவதும் இந்தப் பதினைந்து நாளில் அடங்கியிருக்கிறது. ஒரு சர்க்கார் நடப்பது துப்பாக்கியால் மட்டுமல்ல. காவலருக்குச் சமைத்துப் போட ஒருவன் வேண்டும். சவரம் செய்ய ஒருவன் வேண்டும். வண்டியோட்ட, தண்டோராப் போட, சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் கையை மடக்கிக்கொண்டால், கலெக்டரின் கையெழுத்து வெறும் மசி. மடக்கிய கையில் கல்லும் இல்லை, தடியும் இல்லை என்பதால் அடிப்பவனுக்குக் காரணம் கிடைப்பதில்லை. தண்டனையை ஒளியாமல் ஏற்றுக்கொள்வதால், இவன் சுயலாபத்துக்காகச் சட்டத்தை மீறுகிறான் என்று எவனும் சொல்வதற்கில்லை. உப்புத் திருடனும் உப்புச் சத்தியாக்கிரகியும் செய்த காரியம் ஒன்றுதான். ஒருவன் இரவில் செய்தான், ஒருவன் தேதி குறித்துச் சொல்லிவிட்டுப் பகலில் செய்தான்.

இது நம் நாட்டில் மட்டும் தோன்றிய எண்ணமும் அன்று. அமெரிக்காவில் தோரோ என்ற அறிஞர், அடிமை வியாபாரத்தை ஆதரிக்கும் அரசுக்கு வரி கொடுக்கமாட்டேன் என்று 1846-ல் ஓரிரவு சிறையிலிருந்தார். தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் இந்த ஆயுதத்தை வடித்தபோது அதை முதலில் கையில் ஏந்தியவர்களில் தமிழர்கள் முன்நின்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் சிறைவாசத்தின் விளைவாகவே உயிர் நீத்தாள்.

படை பாடிய பாட்டைப் பற்றிச் சொன்னோம். அதை இயற்றியவர் நாமக்கல் வெ. ராமலிங்கம் பிள்ளை, காவிரிக்கரை மோகனூரில் 1888-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் போலீஸ் இலாகாவில் வேலை பார்த்தவர் என்பதை நினைக்கையில் நமக்கு வியப்பாக இருக்கிறது. பிள்ளையவர்கள் முதலில் சித்திரக்காரர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றவர். அதே கை, ஆயுதமின்றிப் போர் செய்யும் படைக்கு நடைப்பாட்டு எழுதிற்று. 1932-ஆம் வருஷம் அவருக்கு ஒரு வருஷச் சிறை. போலீஸ்காரர் மகனைப் போலீஸ்காரர்கள் பிடித்துச் சென்றார்கள். சுதந்திரத்துக்குப்பின் 1949-ல் அவரையே அரசவைக் கவிஞராக்கினார்கள்.

1940-ல் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகம் இந்த ஒழுங்கின் உச்சி. இன்ன நாளில், இன்ன இடத்தில், யுத்தத்துக்கு எதிராகப் பேசப்போகிறேன் என்று மாஜிஸ்திரேட்டுக்கு முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் பேச வேண்டும். முதல் மந்திரியாக இருந்து விலகிய ராஜாஜியும் அவ்வருஷ டிசம்பரில் சிறை புகுந்தார். இரண்டு வருஷத்துக்குள், 1942 ஆகஸ்டில், தலைவர்களெல்லாம் ஒரே இரவில் அடைபட்டபோது, வழிகாட்ட ஆளின்றிக் கொதித்த ஜனங்கள் சூலூர் விமான தளத்தில் தீ வைத்தார்கள். வேறு சில இடங்களில் உயிரும் போயிற்று. அக்கோபத்தை நாம் பழிக்கவில்லை. அதற்குச் சட்டமறுப்பு என்ற பெயரும் கொடுக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது இப்பத்திரிகையைப் போன்ற தேசீயப் பத்திரிகைகளுக்குக் கசப்பான விஷயம். ஆயினும் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் ஸ்தோத்திரமாகிவிடும்.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதம மந்திரியானார். அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. புதுப்பாளையத்து ஆசிரமம் பத்திரிகை நடத்தியும், கள்ளுக்கடை வாயிலில் தொண்டர்கள் அடிபட்டும் வேண்டிய காரியம், இப்போது சட்டமாயிற்று. நேற்று எதை வேண்டி மறியல் செய்தார்களோ, அதை இன்று போலீஸார் அமல் செய்தனர். இதைவிட ஒரு சத்தியாக்கிரகி வேண்டத்தக்கது யாது?

ஆனால் சில மாதங்களுக்குள், 1938-ல், பள்ளிக்கூடங்களில் ஹிந்துஸ்தானியைக் கட்டாயமாக்கிய உத்தரவை எதிர்த்து வேறு தொண்டர்கள் மறியலுக்கு நின்றார்கள். பள்ளிக்கூட வாயிலிலும், பிரதமர் வீட்டு வாயிலிலும் நின்றார்கள். அவர்களைச் சிறைப்படுத்த எந்தச் சட்டம் உபயோகமாயிற்று? காங்கிரஸ் மறியல்காரர்களை ஒடுக்குவதற்கு வெள்ளைக்கார சர்க்கார் பயன்படுத்திய, காங்கிரஸ்காரர்கள் கறுப்புச் சட்டம் என்று வைத அதே கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் கைதிகளாகவே 1939-ல் உயிர் நீத்தனர்.

அந்தக் கிளர்ச்சிக்காகத் தண்டனை பெற்றவர்களில் ஈ.வெ. ராமசாமிப் பெரியாரும் ஒருவர். பதினேழு வருஷத்துக்கு முன்னால், 1921-ல், இவரும் ராஜாஜியும் ஒரே அணியில் இருந்தவர்கள். காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டில், இவர் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை புகுந்தார். இவருடைய மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் மறியலை ஏற்று நடத்தினர். சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் இவருக்கிருந்த தென்னந்தோப்பிலிருந்து கள் இறங்கக் கூடாதென்று மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அந்த மனிதரை, அந்த நண்பரின் சர்க்கார் சிறையில் வைத்தது.

ராஜாஜியின் தரப்பில் சொல்லத்தக்கது இல்லாமலில்லை. அந்நிய ஆட்சியை எதிர்ப்பது வேறு. ஜனங்களே தேர்ந்தெடுத்த மந்திரிசபையை எதிர்ப்பது வேறு. ஓட்டுச் சீட்டு இருக்கும்போது மறியல் எதற்கு என்பது அவ்வாதம். அதில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதியைப் பார்ப்போம். 1937 தேர்தலில் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு இல்லை; சொத்து, வரி, படிப்பு இவற்றைப் பார்த்துச் சிறு பகுதியினருக்கே ஓட்டுக் கொடுத்திருந்தார்கள். மறியலுக்கு நின்றவர்களில் பலருக்கு ஓட்டுச் சீட்டு என்ற அந்த வேறு வழி இருக்கவேயில்லை. இருந்தாலுங்கூட, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதால், இடையிலே வரும் உத்தரவுகளுக்கெல்லாம் மனச்சாக்ஷியை அடகு வைத்தாயிற்று என்று பொருளாகுமா? சட்டத்தை மீறுகிறவனைத் தண்டிக்க சர்க்காருக்கு உரிமை உண்டு. தண்டனையை அவனே கேட்கிறான். ஆனால் எந்தச் சட்டத்தால், எவ்வளவு, எந்த மரியாதையுடன் என்பதில் தாமே சிறையிலிருந்த சத்தியாக்கிரகியிடம் நாடு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1940 பிப்ரவரியில் அந்த உத்தரவு ரத்தாயிற்று. அதை ரத்துச் செய்யும் பெயர் வெள்ளைக்காரக் கவர்னருக்குப் போனது இன்னொரு துரதிர்ஷ்டம்.

சேலத்துக்கு இதைவிடக் கொடிய நாள் ஒன்று வரவிருந்தது. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் மத்தியச் சிறைக்குள் காவலர்கள் சுட்டதில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் இறந்தனர். குடியரசு பிறந்து அன்றைக்குப் பதினாறு நாள். அவர்களுடைய கட்சி அப்போது சாத்விகத்தை ஏற்றிருந்த கட்சியன்று; அவர்களைச் சத்தியாக்கிரகிகள் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் மதிலுக்குள் அடைபட்டவன் சர்க்காரின் கைப்பொறுப்பில் இருக்கிறவன். சிறையையே தவச்சாலையாக நினைத்த தலைமுறை ஆட்சி செய்கையில் ஒரு சிறைக்குள் இவ்வாறு நிகழ்ந்தது என்பதை இந்த ஜில்லா மறக்கலாகாது.

அதன்பின் தலைமுறைகள் மாறின, கட்சிகள் மாறின. 2018-ல் சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் நீளத்தில், 10,000 கோடி ரூபாய்த் திட்டமாக எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது, நிலத்தை இழக்கவிருந்த குடியானவர்கள் தம் வயல்களில் நட்ட அளவைக் கற்களைப் பிடுங்கி எறிந்தார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் கைதானார்கள். குடியானவர்கள் கல்லை எறிந்ததோடு நில்லாமல் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கை செல்லும் என்று சொல்லிற்று. விஜயராகவாச்சாரியார் காட்டிய வழியும் ராஜாஜி காட்டிய வழியும் ஒரே வயல் வரப்பில் ஒன்றாக நடந்ததை அப்போது கண்டோம். ஆனால் சர்க்காரின் கையிலிருந்த கருவிகளைப் பாருங்கள். கூட்டங்களைத் தடுக்க இப்போதும் பல ஜில்லாக்களில் 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தையே எடுக்கிறார்கள். சிப்பாய்க் கலகம் அடங்கிய சூட்டில் செய்த சட்டம் அது. 144-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் 163-ஆம் பிரிவாயிற்று. எண் மாறிற்று, உத்தரவின் வாசகம் மாறவில்லை.

கடைசியாக ஒருவரைச் சொல்லி முடிக்கிறோம். சேலத்தை அடுத்த இளம்பிள்ளை, சேலைக்குப் பேர்போன நெசவுச் சீமை. அப்பக்கத்தவர் சசிபெருமாள். காந்தி வழியில் நின்று மதுவிலக்கை வேண்டியவர். 1937-ல் எந்த ஜில்லாவில் கடைகள் முதலில் மூடப்பட்டனவோ அந்த ஜில்லாவில், சர்க்காரே கடை திறந்து விற்கும் காலத்தில் வாழ நேர்ந்தவர். கடைகளின் முன்னே நின்று குடிக்க வருவோரைக் கும்பிட்டுத் தடுத்தார். 2013-ல் சென்னையில் ஒரு மாதத்துக்கு மேல் உண்ணாவிரதம் இருந்தார். பலரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தனி மனிதர், பின்னே ஆசிரமம் இல்லை, பத்திரிகை இல்லை, பாவு இல்லை. 2015 ஜூலை 31-ஆம் தேதி, கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்ற வேண்டி, கைப்பேசிக் கோபுரத்தின்மீது ஏறி நின்று போராடுகையில் உயிர் துறந்தார்.

உயிரைப் பணயம் வைத்துக் கோபுரம் ஏறும் முறையை நாம் ஆதரிக்க மாட்டோம். ஆனால் அவர் முதலில் ஏறியது கோபுரத்தின்மேல் அல்ல. மனுவோடு சர்க்கார் அலுவலகங்களின் படியைத்தான் வருஷக்கணக்கில் ஏறி இறங்கினார். அவர் சிரிப்புக்கிடமானவராக இருந்த வரையில் எந்தக் கடையும் மூடவில்லை. அவர் இறந்த பிறகு தமிழ்நாடெங்கும் மாணவரும் தாய்மாரும் கடை வாயில்களில் நின்று கைதானார்கள். எல்லாக் கட்சிகளும் மதுவிலக்கைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. பத்து மாதம் நிறைவதற்குள், 2016 மே 23-ஆம் தேதி, 500 கடைகளை மூட உத்தரவு பிறந்தது. மறியலுக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவே ஒரு சட்டசபைத் தேர்தல் நடந்திருந்தது.